புதுக் கேர்னலும் என் நூற்று முப்பதும்

2008 மார்ச் 3, திங்கள்

காலையிலேயே வெயில். மழை இல்லாமல் மூன்று வாரம். தேயிலை ஃபேக்டரிக்கு ஏறி வருவதற்குள் ரவிக்கை முதுகோடு ஒட்டிவிட்டது.

கம்ப்யூட்டர் அறையில் என் நாற்காலியில் ரிஸ்வான். "வாங்க ராணியக்கா" என்று எனக்கே வரவேற்பு. எஹலியகொட டவுன் பையன், வாப்பாவுக்குத் துணிக்கடை. சேர்ந்து ஒரு மாதம்கூட இல்லை. நான் நாலு வருஷம். தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்து இந்த அறையில் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். இருவருமே தற்காலிகம். ஏப்ரலில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவார்களாம், தோட்டத்து மேனேஜர் பெரிய துரை சொல்லிவிட்டார். அது நானாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமை அவன் இந்தக் கம்ப்யூட்டர் மெஷினில் புது லினக்ஸ் போட்டிருக்கிறான். புதுக் கொழுந்துத் தராசு லினக்ஸின் இதயமான பழைய 2.4 கேர்னலோடு பேசாது, 2.6 வேண்டும். வாஸ்தவம்தான். இப்போது சாக்கைத் தராசில் வைத்ததும் நிறை திரையில் வந்து நிற்கிறது. ஃபேக்டரியை நடத்தும் டீமேக்கர் மாத்தயாவுக்குத் தலைகால் புரியவில்லை. "அப்பே ரிஸ்வான் மல்லி ஹரி கெட்டிக்காரன்!" அவனை மல்லி, தம்பி என்கிறவர், நாலு வருஷத்தில் என்னை ஒரு தடவை நங்கி, தங்கச்சி என்று கூப்பிட்டிருப்பாரா? ராணி, ஃபேன் போடு. ராணி, அந்த ஃபைல் எடு. அவ்வளவுதான்.

அவன் போனதும், மெஷினின் சூட்டைக் காட்டும் என் சென்சரைப் பார்த்தேன். 'ஒன்றும் காணவில்லை' என்று ஒரே வரி.

மார்ச் 4, செவ்வாய்

வெயில். வாங்க வேண்டியது: சன்லைட் சோப், கருவாடு, அம்மாவுக்குக் கால்வலித் தைலம்.

சென்சர் வேலை செய்யவில்லை என்று டீமேக்கரிடம் சொன்னேன். "அது பெரிய காரியமா?" என்கிறார். மறந்துவிட்டார். போன வருஷம் தேயிலைப் பஞ்சு விசிறியை அடைத்து, மெஷின் வெந்து, அரை மாதக் கொழுந்து நிறைக் கணக்கு அத்தனையும் போனது யாருடைய காரியம்? காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் பொம்பளைகள் என்னைச் சுற்றி நின்று கத்தினார்கள். அதில் அம்மாவும் ஒருத்தி. "நான் பறிச்ச கொழுந்து எங்கடி?" என்று பெற்ற மகளையே கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் நான் அந்தச் சூட்டு ப்ரோக்ராமை எழுதினேன். மதர்போர்டில் உள்ள சென்சர் சூட்டைச் சொல்லும். நூற்று முப்பது டிகிரியைத் தொட்டால் மெஷின் கத்தும், கணக்கைச் சேமித்துவிட்டுத் தானே அணையும். பார்க்கிறவர்களுக்காகச் சுவரில் தாளும் ஒட்டினேன்: '130 வந்தால் நிறுத்து.'

அந்த சென்சர் டிரைவரைப் பழைய கேர்னலுக்கென்றே கட்டியிருந்தேன். கேர்னல் மாறினால் அது உள்ளே ஏறாது. இன்று முழுக்கப் புது கேர்னலில் திரும்பக் கட்டிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக எரர். ரிஸ்வான் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனான். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மார்ச் 6, வியாழன்

சரிசெய்துவிட்டான். நானில்லை, அவன்.

எஹலியகொடவில் நெட் கடையில் இறக்கி, சிடியில் கொண்டுவந்தான். "அக்கா, இந்தக் கேர்னல்ல டிரைவர் உள்ளுக்கே ஈக்குது. நீங்க திரும்பக் கட்டத் தேவயில்ல. அத வாசிக்கிற பேக்கேஜ மட்டும் புதுசா போட்டா சரி." போட்டான். வந்தது. என் ப்ரோக்ராம் புதுப் பேக்கேஜுக்குப் பொருந்தாது என்று அதையும் அவனே உட்கார்ந்து புதிதாக எழுதினான். ஒரு டீ ஆறுவதற்குள். அந்த டீயும் அவனுக்கு மட்டும் சாசரோடு வந்தது. எனக்கு வழக்கமான பிளாஸ்டிக் கப்.

நான் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்தது அது.

வயிறு எரிகிறது. எழுதினால் அடங்கும் என்று பார்த்தேன், அடங்கவில்லை. அவன் சிங்களம் பேசுகிற அழகு, அயர்ன் பண்ணின ஷேர்ட், கேமரா வைத்த போன், எல்லாமே கண்ணை உறுத்துகிறது. நல்ல பையன் வேறு. அதுதான் இன்னும் எரிச்சல்.

அம்மா: "ஏண்டி உம்முன்னு இருக்க? யாரும் ஏதும் சொன்னாங்களா?"

"ஒண்ணுமில்லம்மா. வெயிலு."

மார்ச் 10, திங்கள்

தைலம் வாங்க மறந்துவிட்டேன்.

அவன் மத்தியானச் சோற்றுக்குப் போன நேரம் திரையைப் பார்த்தேன். சூடு 46 என்று காட்டுகிறது. இந்த வெயிலில் 46ஆ? என்னுடையது 115 காட்டுமே. பிறகுதான் உறைத்தது. இது சென்டிகிரேட்.

இந்த ஃபேக்டரியில் ட்ரையர், வாட்டும் தொட்டி, சுவரில் தொங்கும் தெர்மாமீட்டர், எல்லாமே பாரன்ஹீட். டீமேக்கருக்குக் காய்ச்சல் வந்தால்கூட நூற்றிரண்டு என்பார். அந்தப் பழக்கத்தில் நானும் பாரன்ஹீட்டில்தான் எழுதியிருந்தேன். டவுன்காரனுக்கு அது எங்கே தெரியும்? சுவரில் இருந்த என் 130ஐ அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறான். தண்ணீரே நூறில் கொதித்துவிடும். நூற்று முப்பது சென்டிகிரேட் ஆகும்வரை அந்த மெஷின் உயிரோடு இருக்குமா? அது கத்தவே கத்தாது.

எவ்வளவு சந்தோஷம் எனக்கு! எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் சந்தோஷம்.

சொல்லவில்லை. அவனே பட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

மார்ச் 12, புதன்

வெயில். இன்னும் சொல்லவில்லை. இன்று மெஷின் 51 வரை போனது. விசிறிச் சத்தம் வேறு மாதிரி. பஞ்சு ஏறுகிறது.

மெஷின் வெந்தால் அவன் பெயர் கெடும். ஏப்ரல் எனக்கு. கணக்கு இவ்வளவு சுலபம்.

மாலை நிறுவையில் அம்மா இரண்டு சாக்கோடு நின்றாள். பேரும் நிறையும் திரையில் விழுந்ததைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற பொம்பளையிடம், "இந்தத் தடவ காணாமப் போவாது, எம்மக உள்ள இருக்கா."

சோறு இறங்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

ரிஸ்வான் ஜும்மாவுக்குத் தெரணியகலைப் பள்ளிக்குப் போய்விட்டான். அறையில் நான் மட்டும். ஒரே ஒரு வரி. 130 இருந்த இடத்தில் 54. சென்டிகிரேட்டில் என் 130 அதுதான். விசிறியையும் துடைத்திருக்கலாம். துடைக்கவில்லை. என்னால் முடிந்த நல்லது அவ்வளவுதான்.

அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் "தேங்க்ஸ் அக்கா" என்று பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான். அதைப் பார்க்க என்னால் ஆகாது.

மார்ச் 15, சனி

பிற்பகல் மெஷின் கத்தியது! விசிறி நின்றுவிட்டது. கணக்கைச் சேமித்துவிட்டுத் தானே அணைந்தது. திறந்து பார்த்தால் உள்ளே பஞ்சு, தலையணையே தைக்கலாம். ஒரு நிறைகூடப் போகவில்லை.

டீமேக்கர் ஓடி வந்து யாரைக் கட்டிப்பிடித்தார்? ரிஸ்வான் மல்லியை. பெரிய துரைக்குப் போன் போனது. பக்கத்தில் நின்ற எனக்கு, "ராணி, ஒரு துணி கொண்டா, தொடைக்க."

துணி கொண்டுவந்தேன்.

என் 54. என்னுடைய 54!

மார்ச் 17, திங்கள்

முதல் மழை. சேறு. வழியில் செருப்பு அறுந்தது.

பெரிய துரை நேரில் வந்தார். ரிஸ்வானைத் தட்டிக்கொடுக்கக் கையைத் தூக்கினார். அவன் ஒரு அடி பின்னால் போய், "சேர், அது நான் இல்ல" என்றான். "நான் போட்டது நூத்தி முப்பது. பிழை. அது வேலையே செஞ்சீக்காது. யாரோ அம்பத்தி நாலுண்டு மாத்தி ஈக்கிறாங்க. இந்த ரூமுல வேற யாரும் இல்ல. ராணியக்காதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாலு வருஷமாகக் காத்திருந்த நிமிஷம்.

துரை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "குட், குட்." பிறகு அவன் பக்கம் திரும்பிவிட்டார். "தன்ட பிழைய தானே சொல்ற ஆள் இந்தக் காலத்தில கிடைக்குமா? வெரி ஆனஸ்ட் பாய்." டீமேக்கருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

இந்த நல்ல பெயரும் அவனுக்கே. பிழையை வைத்துக்கூடப் பெயர் வாங்குகிறான், சரியாகச் செய்த எனக்கு இரண்டு குட்.

மார்ச் 24, திங்கள்

ரிஸ்வானை இரத்தினபுரி பெரிய ஆபீசுக்கு எடுத்துவிட்டார்கள். எல்லாத் தோட்டத்துக் கம்ப்யூட்டருக்கும் அவன்தான் பொறுப்பு. ஏசி அறையாம்.

ஏப்ரலிலிருந்து ஃபேக்டரி இடம் எனக்கு. நிரந்தரம். காகிதம் கையில் வந்துவிட்டது.

அம்மா சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினாள். கேட்டது கிடைத்தது என்று நானும் கும்பிட்டேன். கண்ணை மூடினால் ஏசி அறை.

மார்ச் 27, வியாழன்

தூறல். சாசரோடு டீ வந்தது. ஆறிப்போயிருந்தது.

தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் வந்து சொன்னார்: "ரிஸ்வான் கோல் எடுத்தான். அங்க உள்ள மெஷின் எல்லாம் பழைய கேர்னலாம், மாத்த விடுறாங்க இல்லையாம். இவன்ட புதுப் பேக்கேஜுக்கு ஒரு சென்சரும் தெரியுதில்லையாம். ஒங்கள்ட்ட பழசு இருக்கான்னு கேக்குறான். நாலு மணிக்குத் திரும்ப இங்க கோல் எடுப்பானாம். நாளைக்கு அங்க பெரியவங்க எல்லாம் பாக்க வாறாங்களாம், அழாத குறையா கதைக்கிறான்."

இருக்கிறது. 2.4க்கு நான் கட்டின டிரைவர், அதற்கான பழைய பேக்கேஜ், என் ப்ரோக்ராம், எல்லாம் ஒரே சிடியில். மேசை லாச்சியிலிருந்து எடுத்துத் துடைத்து மேலே வைத்தேன். இன்று கடைசி பஸ்ஸில் கொடுத்துவிட்டால் போய்ச் சேர்ந்துவிடும்.

நாலு மணி. போன் அடிக்கிறது. டீமேக்கர் ட்ரையர் பக்கமிருந்து கத்துகிறார், "ராணி நங்கி, போன்!"

கேட்கிறது. அடிக்கட்டும். இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும்.