பாட்டுக்கு நடுவே பேசிய ஒன்பது கேசட்டுகள்

அனுப்புநர்:
போர்டுக்காரர் என்று எல்லாரும் அழைக்கும் பெயர்ப்பலகை எழுத்தாளர் (ஓய்வு), வயது 74,
பழைய அச்சகத்துக்கு மேல்மாடி, பேருந்து நிலையப் பின்தெரு.

பெறுநர்:
உயர்திரு கண்காணிப்பு அதிகாரி அவர்கள்,
திருட்டுப் பதிவுத் தடுப்புப் பிரிவு,
மூன்றாம் மாடி (லிப்ட் ஓடவில்லை, இரண்டு முறை ஏறிப் பார்த்துவிட்டேன்).

பொருள்: கைபேசிக் கடையில் பறிமுதல் செய்த 41 கேசட்டுகளில் ஒன்பதை மட்டும் உடைக்காமல் திருப்பித் தருவதும், நான் வேடிக்கையாகச் சொன்னதை வாக்குமூலத்திலிருந்து நீக்குவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் நாற்பத்தைந்து வருடம் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவன். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. ஆகையால் இந்த மனுவில் எழுத்து அழகாகவும், பிழை தாராளமாகவும் இருக்கும். பொறுத்தருள வேண்டும்.

2. இந்த மாதம் 6-ஆம் தேதி காலை பதினொரு மணிக்குத் தங்கள் ஆய்வாளர் ஒருவரும் காவலர் இருவரும் எங்கள் தெருவில் உள்ள கைபேசி பழுது பார்க்கும் கடையைச் சோதனை போட்டார்கள். அங்கே திருட்டுத்தனமாகப் பாட்டு ஏற்றித் தருவதாகப் புகாராம். அப்படி எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்தது, முந்தின நாள் நான் கொடுத்து வைத்திருந்த அட்டைப்பெட்டியும் அதிலிருந்த 41 கேசட்டுகளும், அதைத் திரும்ப வாங்க வந்து நின்ற நானும்தான். வெறுங்கையோடு திரும்ப அவர்களுக்கும் சங்கடமாக இருந்திருக்கும்.

3. அந்தக் கேசட்டுகள் அனைத்தும் நானே பதிவு செய்தவை. ரேடியோவிலிருந்தும், போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த நண்பரிடம் இரவல் வாங்கிய இசைத்தட்டுகளிலிருந்தும் எடுத்தேன். இதை மறைக்கவில்லை. ஆனால் ஒன்றைக்கூட விற்றதில்லை. வீட்டில் நானும் என் மனைவியும் கேட்டோம், அவ்வளவுதான். பாட்டு போட்டவருக்கும் பாடியவருக்கும் அதன் மேல் உரிமை உண்டு என்பது எனக்குத் தெரியும். நான் எழுதிய துணிக்கடைப் பலகையை அப்படியே ஒருவர் நகலெடுத்துத் தன் பெயரைக் கீழே போட்டுக்கொண்டபோது, தூரிகையும் கையுமாகச் சண்டைக்குப் போனவன் நான். ஆனால் அந்தப் பலகையைப் பார்த்து வீட்டுச் சுவரில் எழுதிப் பழகிய பிள்ளைகளிடம் சண்டைக்குப் போகவில்லை. சட்டத்தில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

4. ஆய்வாளர் சந்தேகப்பட்டதற்கு என் கைவேலையும் ஒரு காரணம். வெறும் கேசட்டாக வைத்திருக்க மனம் வராமல், ஒவ்வொன்றுக்கும் அட்டை வெட்டி, மிச்சம் இருந்த பெயிண்டில் பாட்டுக் கம்பெனியின் சின்னம் வரைந்து, விலையும் போட்டு, அடியில் சிவப்பு எழுத்தில் ‘அனுமதியின்றிப் பிரதி எடுப்பது குற்றம்’ என்றும் எழுதினேன். கம்பெனி அட்டையில் அந்த வரி கொஞ்சம் கோணலாக இருக்கும், நான் நேராக்கியிருக்கிறேன். ஆய்வாளர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “குத்தம்னு நீங்களே எழுதி வச்சிருக்கீங்களே பெரியவரே?” என்றார். நியாயமான கேள்வி.

5. அதற்கு அடுத்து அவர், “எவ்வளவுக்கு விக்கிறீங்க?” என்று கேட்டார். கடைவாசலில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். கூட்டத்தைக் கண்டால் என் நாக்கு சும்மா இருக்காது. “தனியா எடுத்தா அட்டையில போட்ட விலை சார். மொத்தமா எடுத்தா தள்ளுபடி உண்டு. உங்களுக்குன்னா இன்னும் குறைச்சுக்கலாம்” என்று சொல்லிவிட்டேன். கூட்டம் சிரித்தது. ஒரு காவலரும் சிரித்தார். ஆய்வாளர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். கண்ணாடி கொண்டு போகாததால் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். இப்போது வந்திருக்கும் அறிவிப்பில் ‘விற்பனை செய்ததையும் அதிகாரிக்குச் சலுகை தர முன்வந்ததையும் ஒப்புக்கொண்டார்’ என்று இருக்கிறது. 22-ஆம் தேதி கம்பெனிக்காரர் முன்னிலையில் எல்லாவற்றையும் உடைக்கப் போவதாகவும் இருக்கிறது. கைபேசிக் கடைக்காரம்மா வந்து, “எல்லார்கிட்டயும் விளையாடுற மாதிரி அவங்ககிட்டயும் விளையாடிட்டீங்களே ஐயா” என்றார். அவர் கடை அன்று பூட்டியது, இன்னும் திறக்கவில்லை.

6. இனி எழுதுவது ஆய்வாளரிடம் சொல்லாதது. எங்கள் வீடு ஒரே அறை. ரேடியோவையும் டேப்ரிக்கார்டரையும் இணைக்கும் ஒயர் எங்களிடம் கிடையாது. ரேடியோவை ஸ்டூல் மேல் வைத்து, எதிரே டேப்ரிக்கார்டரை வைத்து, ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பதிவு செய்வேன். பாட்டு முடியும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது என் உத்தரவு. என் மனைவி தையற்கடைக்காரர் கொடுத்த சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தபடி அதே அறையில்தான் இருப்பாள். என் உத்தரவை அவள் ஒருநாளும் மதித்ததில்லை. நல்ல பாட்டின் நடுவில், “ஏங்க, மழை வர்ற மாதிரி இருக்கு, ஏணியை எடுத்து உள்ள போடுங்க” என்பாள். இன்னொன்றில், “பால் பொங்குது. நான் எந்திரிச்சா சத்தம் கேக்கும், நீங்களே போய் அணைங்க.” மற்றொன்றில் நான் ‘உஷ்’ என்கிறேன். உடனே, “உஷ்ஷுன்னு நீங்கதான் பாட்டைக் கெடுக்குறீங்க, நான் எங்க பேசுனேன்?” என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள் பாட்டு முடியும் வரை நிறுத்தவில்லை. அது அழுகிற பாட்டு.

7. அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. அப்படிப்பட்ட கேசட்டுகளின் பின்புறம் கறுப்பு மையில் ‘கெட்டது’ என்று எழுதி ஒதுக்கி வைப்பேன். அதே பாட்டு மறுபடி ரேடியோவில் வரும் நாளில் அவளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதன் மேலேயே திரும்பப் பதிவு செய்து, ‘கெட்டது’ என்பதையும் அடித்துவிடுவேன். இப்படிப் பதினொரு கேசட்டுகளிலிருந்து என் கையாலேயே அவளை அழித்திருக்கிறேன். பாட்டை நகலெடுத்ததற்கு என் மேல் ஒரு சட்டப்பிரிவு போட்டிருக்கிறீர்கள். இதற்கு எந்தப் பிரிவு என்று தெரியவில்லை. அந்தப் பாட்டுகள் மறுபடி ரேடியோவில் வராததால் தப்பியவை ஒன்பது.

8. அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது. கைபேசியில் அவள் குரல் இல்லை. யார் கூப்பிட்டாலும் “சரி, வச்சிடுறேன்” என்பதோடு முடித்துக்கொள்வாள். எங்கள் டேப்ரிக்கார்டரும் பழுதாகிவிட்டது. கடைக்காரம்மாவிடம் ஓடுகிற இயந்திரம் ஒன்று இருப்பதாக அறிந்து, கைபேசியில் ஏற்றித் தரச் சொல்லிப் பெட்டியைக் கொடுத்தேன். ஒன்றைப் போட்டுக் கேட்டுவிட்டு அவர், “பாட்டுக்கு நடுவுல ஒரு அம்மா தொணதொணக்குறாங்க ஐயா. கம்ப்யூட்டர்ல அந்தத் தொந்தரவை எடுத்துடவா?” என்றார். “அந்தத் தொந்தரவுக்காகத்தான்மா கொண்டாந்தேன்” என்றேன். நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். அந்த நாளைதான் 6-ஆம் தேதி.

9. ஆகவே தங்களிடம் கேட்டுக்கொள்வது: என் வாக்குமூலத்தில் உள்ள தள்ளுபடிப் பேச்சு வெறும் வாய்க்கொழுப்பு என்று பதிவு செய்து அதை நீக்க வேண்டும். தண்டனை என்று ஒன்று உண்டென்றால் அது எனக்கே வரட்டும், கடைக்காரம்மாவின் கடையைத் திறக்க விட வேண்டும். முப்பத்திரண்டு கேசட்டுகளைத் தாராளமாக உடையுங்கள். பின்புறம் ‘கெட்டது’ என்று எழுதி, அடிக்காமல் விட்டிருக்கும் ஒன்பதை மட்டும் தாருங்கள். அவற்றிலும் பாட்டு தன்னுடையது என்று கம்பெனி சொன்னால் மறுக்கவில்லை. பாட்டைத் தனியாகவும் பேச்சைத் தனியாகவும் பிரிக்க வழி இருக்கிறதாம். தங்கள் அதிகாரி பக்கத்தில் நின்று பார்க்கட்டும், பாட்டு அவர்களுக்கு, மீதி எனக்கு.

10. நான் யாரைப் போலவும் பேசிக் காட்டுவேன். தெருவில் ஒருவரையும் விட்டு வைத்ததில்லை. நேற்று என் மகளிடம் அவள் அம்மாவைப் போலப் பேசிக் காட்டினேன். “இல்லப்பா, அம்மா இப்படி இல்ல” என்றாள். வேறு எப்படி என்று கேட்டேன். அவளும் பேசிப் பார்த்தாள். அவளுக்கும் வரவில்லை. ஐயா அவர்கள் 22-ஆம் தேதிக்கு முன் உத்தரவிட வேண்டும்.

தங்கள் ஒரு சொல்லை எதிர்பார்த்திருக்கும்,
(கையொப்பம்)
போர்டுக்காரர்

நாள்: 15-ஆம் தேதி, வியாழக்கிழமை
இடம்: மேற்படி மாடி அறை