தாண்டிப்போன குங்குமம்

நவம்பர் 9, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. மாதா கோயில் பின்கூடம் ஒழுகுகிறது, மூலையில் அண்டா வைத்தாயிற்று. மத்தியானம் வழக்கமான பெண்கள். எல்லோருடைய வீட்டுக்காரரும் பர்மா பக்கம், பட்டாளத்தில். என்னவரும்தான், கம்பவுண்டராக. சும்மா உட்காரலாம், அழலாம், தூங்கலாம். கருப்பட்டி போட்டு டீ. அவர்களாகச் சொன்னாலொழிய யாரையும் பேர், ஊர் கேட்கக்கூடாது. நான் வைத்த சட்டம்.

புதிதாக ஒருத்தி, பழுப்புச் சேலை. டீ வேண்டாம் என்று கையாட்டினாள். எல்லோர் காலிலும் சேறு, அவள் காலில் இல்லை.

கிளம்பும்போது யாராவது ஒருத்தி மற்றவர்களுக்குக் குங்குமம் வைப்பது வழக்கம். (பாதிரியாருக்குத் தெரிந்தால் தொலைந்தேன்.) இன்று அவள் வைத்தாள். தனலட்சுமியை மட்டும் தாண்டிப் போனாள். மறதியாக இருக்கும்.

நவம்பர் 11, புதன்

விறகு ஈரம். ஒரே புகை. தனலட்சுமி வரவில்லை. குமணன்சாவடி ரஞ்சிதம்தான் சொன்னாள்: "அக்கா, தனம் ஊட்டுக்குத் தந்தி வந்துகீது. அவரு பூட்டாராம்."

பழுப்புச் சேலைக்காரி குங்குமச் சிமிழை எடுத்தாள். இன்று ரஞ்சிதத்தைத் தாண்டினாள்.

"இன்னாம்மா, நான் கண்ணுக்குத் தெர்லியா?" ரஞ்சிதம் சிரித்தாள்.

நவம்பர் 13, வெள்ளி

ரஞ்சிதம் வீட்டிலும் தந்தி.

யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். கூடம் கொள்ளாத கூட்டம், சென்னீர்குப்பத்திலிருந்துகூட. நடுங்கிக்கொண்டே நெற்றியை நீட்டுகிறார்கள். பொட்டு விழுந்ததும் அப்படி ஒரு சிரிப்பு. பைத்தியங்களா என்று திட்டினேன். உள்ளுக்குள் பொறாமைதான்.

அவளை யாரென்று கேட்கலாம். என் சட்டமே வாயைக் கட்டுகிறது.

நான் வேதக்காரி, பொட்டு வைக்காதவள். அதனால் என் பக்கம் அவள் வந்ததே இல்லை. இவரிடமிருந்து கடிதம் வந்து மாதக்கணக்காகிறது. இருக்கிறாரா?

பால்காரி நாளை வரமாட்டாளாம்.

நவம்பர் 16, திங்கள்

நல்ல வெயில். ஜமக்காளம் உலர்த்தினேன். டீத்தூள் தீர்ந்துவிட்டது.

எல்லோரும் போனபிறகு அவள் சிமிழை மூடப்போனாள். போய் முன்னால் நின்றேன். கண்ணை மூடி நெற்றியைக் காட்டினேன். ஆண்டவர் மன்னிக்கட்டும்.

விரல் படவில்லை.

முதல்முறையாகப் பேசினாள்: "ஒங்களுக்கு இந்த வயக்கம் கெடயாதேம்மா."

"பரவாயில்லை, வை" என்றேன். கையைப் பிடித்துக் கெஞ்சினேன். கை சில்லென்றிருந்தது. மெதுவாக உருவிக்கொண்டாள்.

பிறகு என் தலையைத் தடவிக்கொடுத்தாள்.