பெயர் எழுதிய கதிரை

ரண்டர்ஸ்
12.10.1988

என் அன்பானவளுக்கு,

எங்கள் கல்லூரியின் அமெரிக்கன் புட்போல் அணி எட்டு ஆட்டத்திலும் தோற்றுவிட்டது. தலையில் சட்டி கவிழ்த்த தடியன்கள் நாலு செக்கன் ஓடுவார்கள், பிறகு கூடிநின்று கதைப்பார்கள். இதற்குப் பெயர் விளையாட்டாம்! அந்தத் தடியன்களில் நானும் ஒருவன்.

இன்னொரு கூத்து, ஆட்டக்காரரின் மனைவிமாருக்குப் பெயர் எழுதிய கதிரை போடுவார்கள். சித்திரையில் வந்துவிடுவாய் என்று உன் பெயரையும் கொடுத்திருந்தேன். எட்டு முறையும் அந்த வெறுங்கதிரையை முன்வரிசையில் வைத்தார்கள், மடையர்கள்.

உன் விசாவைப் பற்றி இன்று எழுதமாட்டேன்.

நேற்றுக் கடைசி ஆட்டம் முடிந்ததும், என்னோடு விளையாடும் யோகராசா கதிரைகளை அடுக்கினான்.

"அண்ணை, அண்ணியின்ரை பேரை அழிக்கட்டோ?"

"விடடா. அடுத்த வருசமும் நான் விளையாடுறன்."

இப்படிக்கு,
உன் மடையன்