நீல டாங்கிக்கு நேரே

தாராவி, மும்பை – 17
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

அன்புத் தம்பி ஷாகிருக்கு ராத்தா சைனப் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நானும் உன் மச்சானும் மகள் பரீஹாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். கடல் தாண்டிச் சலாலாவில் நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன். மேலே ‘அன்பு’ என்று எழுதியது கைப்பழக்கத்தில் வந்தது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதே. வாய்ஸ் மெசேஜ் போட்டால், நான் கோபப்படத் தொடங்கும் இடத்தில் நீ நிறுத்திவிடுவாய். அதோடு என் போன் பாதி நேரம் உன் மச்சான் கையில்தான் இருக்கிறது. பரீஹா பார்த்தாலும் கவலையில்லை, அவளுக்குத் தமிழ் எழுத்து எல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரியும். தாளில் எழுதி உறையை ஒட்டிவிட்டால் உன்னைத் தவிர யாரும் படிக்க முடியாது. கீழ் மாடி சஃபீனாவின் மகன் தௌசீப் அங்கே வேலைக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். தின்பதற்கு ஒன்றும் வைக்கவில்லை. கேட்காதே.

போன வாரம் நீ ஒரு போட்டோ அனுப்பினாய். படகில் நின்றுகொண்டு இடுப்புயரக் களவா மீனைத் தூக்கிப் பிடித்திருக்கிறாய். உன் மச்சான் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, என்னிடம் கொண்டுவந்து காட்டினார். உன் தலைக்கு மேலே ஒன்றுமில்லை, உன் தோளுக்குப் பக்கத்திலும் ஒன்றுமில்லை. பின்னால் இருந்த மலை, பாறை, கரை எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, உன் மூஞ்சியையும் மீன் மூஞ்சியையும் மட்டும் அனுப்பியிருக்கிறாய். உன் மச்சானுக்கு அப்படி ஒரு சந்தோஷம். “பாத்தியா புள்ள, எடம் தெரியக் கூடாதுன்னு வெட்டிட்டான். நான் சொல்லிக் குடுத்தது அப்பிடியே இருக்கு” என்றார். போனைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தேன். அன்றைக்கே எழுதியிருப்பேன், திட்டாமல் ஒரு வரிகூட வரவில்லை.

நீ இன்னும் திருந்தவில்லை என்று அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மழைக்காலத்துக்கு முன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் கரையில் நின்ற என் பக்கத்துக் கதையை நீ கேட்டதில்லை. கேட்கும் முன் விமானம் ஏறிவிட்டாய். இப்போது கேள்.

குர்லாவில் பட்டறையைப் பூட்டிவிட்டு ஞாயிறானால் நீயும் உன் மச்சானும் மாஹிமிலிருந்து படகை எடுப்பீர்கள். கடல் பாலத்தைத் தாண்டிப் பாறை நிறைந்த ஏதோ ஓர் இடம். ஈயக்குண்டு கட்டிய தூண்டில் நரம்பை அடிவரை இறக்கிவிட்டு, விரலில் பிடித்துக்கொண்டு, பாறை இடுக்கில் கிடக்கும் மீன் தொடும்வரை சிலை மாதிரி உட்கார்ந்திருப்பீர்கள். அதற்கு நான் என்றாவது தடை சொன்னேனா? என் ஆப்பச்சட்டியில் ஈயம் உருக்கினீர்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். புதுச் சட்டி கேட்டேன், அதையும் மறந்துவிட்டீர்கள்.

அன்றைக்கு நங்கூரம் பாறையில் மாட்டிக்கொண்டது. கடல் வற்றியிருந்ததால் தலை நீட்டியிருந்த பாறையில் உன் மச்சான் இறங்கி, மறுபக்கத்திலிருந்து அதை எடுத்துவிட்டார். எடுத்ததும் படகு நகர்ந்துவிட்டது. என்ஜினை நீ இழுத்து இழுத்துப் பார்த்தாய், பிடிக்கவில்லை. அவருடைய போனும் படகில் இருந்தது. இதுவரைக்கும் உன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கடலில் நடப்பதுதான். நீரோட்டம் உன்னைக் கேட்டா இழுக்கும்?

பெரிய படகுக்காரர்கள் உன் படகைக் கட்டி இழுத்து வந்தார்கள். ஆள் எங்கே நிற்கிறார் என்று கேட்டார்கள். வொர்லிக் கோட்டைக்குத் தெற்கே என்று சொன்னாய்.

நீ சொன்னது பொய். பாறையில் நிற்கும் மனிதனின் காலடியில் கடல் ஏறிக்கொண்டிருக்கிறது, உனக்கு அந்தப் படகுக்காரர்கள் இடத்தைத் தெரிந்துகொண்டு வலை போட்டுவிடுவார்கள் என்ற கவலை. கரைக்கு வந்து கடலோரப் போலீஸ் கேட்டபோதும் அதையே சொன்னாய், ஏனென்றால் அந்தப் படகுக்காரர்கள் பக்கத்திலேயே நின்றார்கள். அவர்கள் போன பிறகும் மாற்றவில்லை, ஏனென்றால் சொன்னதை மாற்றினால் நீயே தள்ளிவிட்டாய் என்று போலீஸ் நினைக்குமாம். இதையெல்லாம் பிறகு நீயே அழுதுகொண்டு சொன்னாய். உன் அழுகையைத் துடைத்துவிட்ட கையால்தான் இதை எழுதுகிறேன்.

போலீஸ் படகு நீ சொன்ன இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவர்கள் மேல் என்ன தப்பு? நான் மாஹிம் கரையில் நின்று வொர்லிப் பக்கம் பார்த்து துஆ கேட்டுக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார் ஷாகிர். என் புருஷனுக்காக நான் தவறான பக்கம் பார்த்து அழுதுகொண்டிருந்தேன். நீ என் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பரீஹா பிற்பாடு கேட்டாள், “மாமா ஜூட் போலா க்யா, மம்மி?” என்று. மாமா பொய் சொல்ல மாட்டார் என்று அவளுக்கு நான் ஒரு பொய் சொன்னேன்.

அஸர் தொழுகை நேரம் தாண்டி, நண்டுக்கூடு போடுகிற கோலிக்காரர், இந்த ஊர் மீனவர் ஒருவர், தன் பாட்டுக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறார். யாரும் அவரை அனுப்பவில்லை. நெஞ்சு வரைக்கும் தண்ணீரில், பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு மனிதன் நிற்பதைப் பார்த்து ஏற்றி வந்தார். அப்போது நீ, “சொல்லத்தான் எழுந்தேன் ராத்தா” என்றாய். எழுந்தாயா? எழுந்து போலீஸ் பக்கம் நடந்தாயா, வேறு பக்கம் நடந்தாயா? எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தொழுகையிலும் அது நினைவுக்கு வந்து, ஓதுவது மறந்துபோகிறது.

சரி, உன்னைவிடப் பெரிய கோபம் எனக்கு யார் மேல் தெரியுமா? கரையில் இறக்கி, போர்வை சுற்றி, வாயில் டீ ஊற்றினோம். உன் மச்சான் கண்ணைத் திறந்தார். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை, பரீஹா எங்கே என்று கேட்கவில்லை. “ஷாகிர் எடத்தைச் சொல்லிட்டானா?” என்று கேட்டார். இல்லை என்றதும் சிரித்தார். நீலம் பாரித்த உதட்டோடு சிரித்தார். “வாய் தொறக்கலியே, பாரு” என்று அந்தக் கோலிக்காரரிடமே பெருமை. அந்த டீயை அவர் தலையில் கொட்டியிருக்க வேண்டும், கொட்டவில்லை.

நீ அவருக்குப் பயந்து ஓடினாய் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அவருக்கு உன் மேல் கோபமே இல்லை என்று உனக்கு நன்றாகத் தெரியும். நீ ஓடியது எனக்குப் பயந்துதான்.

இப்போது வீட்டு விஷயம். பாறைச் சிப்பி அறுத்த காயமெல்லாம் ஆறிவிட்டது. வலது கை ஆள்காட்டி விரலில் மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. சூடான டம்ளரை அதில் தொட்டுவிட்டு மற்ற விரல் சுட்ட பிறகுதான் விடுகிறார். மீன் தொடுவதை அந்த விரலில்தான் பார்ப்பார், உனக்குத் தெரியும். இடது கையில் பழகுகிறேன் என்று ஜன்னல் கம்பியில் நரம்பைக் கட்டி இழுத்துக்கொண்டிருக்கிறார். டாக்டர் கடல் பக்கமே போக வேண்டாம் என்றார். மழை விட்டதும் படகுக்குப் பூச்சு அடித்தாகிவிட்டது. அடுத்த ஞாயிறு கிளம்புகிறார், தனியாக. பட்டறையில் புதிதாகச் சேர்ந்த காலித் வருகிறேன் என்றான். அவனுக்கு வாய் நீளம், இடம் வெளியே போய்விடும் என்று வேண்டாம் என்றுவிட்டார். நீ உட்காரும் பலகையில் யாரையும் உட்கார விடவில்லை.

எனக்கு மட்டுமாவது இடத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். கோபமாகக் கேட்டேன், கெஞ்சியும் கேட்டேன், சோறு போடாமலும் கேட்டேன். “ஒனக்கெதுக்கு புள்ள அதெல்லாம்” என்கிறார். நண்டுக்காரரைத் தேடிப்போய்க் கேட்டேன். அவருக்கும் அங்கே நண்டுக்கூடு இருக்கிறதே, சொல்வாரா? “தரியா பஹுத் படா ஹை, பாபி” என்று சிரித்தார். கடல் பெரிதென்று எனக்குத் தெரியாதா? அதனால்தானே கேட்கிறேன்.

ஆனால் பாதியை நானே கண்டுபிடித்துவிட்டேன். ஆச்சரியப்படு.

நம் கட்டடம் முழுக்கச் சந்தன நிறம் அடிக்க சொஸைட்டியில் முடிவு செய்தார்கள். மீட்டிங் என்றாலே தலைவலி வந்துவிடும் உன் மச்சான் அன்றைக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். சுவரை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், மொட்டை மாடியில் இருக்கும் நீல டாங்கியில் கை வைக்கக் கூடாது என்று செக்ரட்டரி கணேசபாண்டியனோடு சண்டை. தண்ணீர் சூடாகிவிடும், பெயிண்ட் வாசம் வரும் என்று என்னென்னவோ சொன்னார். வீட்டில் ஒரு சுவரின் நிறம் தெரியாத மனிதர். மறுநாள் மாடியில் துணி காயப்போடப் போனேன். டாங்கியைப் பார்த்தேன். திரும்பிப் பார்த்தால் மாஹிம் கடல், அதற்கப்பால் பாலம், அதற்கும் அப்பால் வெயிலில் பளபளவென்று திறந்த கடல். கையில் துணியோடு அப்படியே நின்றுவிட்டேன். இங்கிருந்து அது தெரிந்தால் அங்கிருந்து இது தெரியும்.

கரையில் இருக்கும் இரண்டு பொருளை முன்னும் பின்னும் நேர்கோட்டில் பிடித்து, இன்னொரு பக்கமும் அதே மாதிரி பிடித்து, இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் நங்கூரம் போடுவீர்கள் என்று நீதான் ஒருமுறை சாப்பாட்டில் சோற்றுப் பருக்கைகளை வைத்துக் காட்டினாய். அவர் உன் கையில் தட்டினார். நான் மறக்கவில்லை. ஒரு கோடு நம் வீட்டு டாங்கியில் முடிகிறது. நானும் பரீஹாவும் சோறு பொங்கித் தூங்கும் வீட்டைப் பார்த்துக்கொண்டேதான் அந்த மனிதர் பாறையில் நின்றிருக்கிறார். மற்றக் கோடு எனக்குத் தெரியாது. ஒரு கோட்டை வைத்துக்கொண்டு தேடினால் அரபு நாடு வரைக்கும் தேட வேண்டியதுதான்.

ஆகவே கேட்கிறேன். மற்றக் கோட்டை எழுதி அனுப்பு, டாங்கிக்கு முன்னால் எதைப் பிடிப்பீர்கள் என்பதையும் எழுது. எந்தக் கோபுரம், எந்தக் கட்டடம், எந்தப் பாறை. இரண்டு வரி போதும். யாரிடமும் சொல்ல மாட்டேன். பெண்களிடம் சொன்னால் ரேடியோவில் சொன்ன மாதிரி என்று நீங்கள் சிரிப்பீர்களே, உன் கல்யாணப் பேச்சு முறிந்ததன் காரணத்தை இன்றுவரை யாருக்காவது சொல்லியிருக்கிறேனா? வாயை மூடத் தெரிந்தவர்கள் நீங்கள் மட்டுமில்லை. எப்போது திறக்க வேண்டும் என்று தெரிந்தவள் நான் மட்டும்தான்.

நீ எழுதவில்லை என்றால் நான் என்ன செய்வேன் என்றும் சொல்லிவிடுகிறேன். உன் பலகையில் நானே ஏறி உட்காருவேன். நீச்சல் தெரியாது, படகைக் கண்டாலே குமட்டும், அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் உட்காருவேன். அவர் கையில் நரம்பு அசையும் வேகத்தில் மீன் தொட்டதைக் கண்ணால் பார்த்துச் சொல்வேன். பிறகு ஒரு நாள் நாங்கள் இரண்டு பேரும் திரும்பாவிட்டால், பரீஹா உனக்குத்தான் போன் போடுவாள். மாமா, எங்கே தேட வேண்டும் என்று அவள் கேட்பாள். அவளிடம் வொர்லி என்று சொல்வாயா?

இன்னொன்று. அந்தப் போட்டோவை வெட்டாமல் திரும்ப அனுப்பு. மீன் எனக்கு வேண்டாம். உன் பின்னால் இருக்கும் மலை வேண்டும். அங்கே நீ யாரோடு போகிறாய், எந்தக் கரையில் இறங்குகிறாய், என்ஜின் யார் பார்க்கிறார்கள், ஒன்றும் தெரியாது. உம்மா நம்மை விட்டு மௌத்தாகிப் போனபோது நீ என் இடுப்பில் இருந்தாய். உன்னையும் எங்கே தேடுவது என்று தெரியாமல் நான் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டுமா? அவர் இடத்தை எழுது. உன் இடத்தையும் எழுது.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும், வேண்டிய நேரத்தில் திறக்கும் வாயையும் தரட்டும். ஆமீன்.

உன் மேல் தீராத கோபத்தோடு,
ராத்தா சைனப்

பின்குறிப்பு: தௌசீப் கொண்டுவரும் பொட்டலத்தில் மாசிச் சம்பல் இருக்கிறது. மேலே எழுதியதை அடிக்கச் சோம்பலாக இருந்தது. கட்டடத்துக்குப் பெயிண்ட் அடித்து முடித்துவிட்டார்கள். டாங்கியை மட்டும் அப்படியே விட வைத்தேன். எதற்காக என்று கணேசபாண்டியன் கேட்டார். எனக்கு நீலம் பிடிக்கும் என்று சொன்னேன்.