சக்கரப் பெட்டியும் என் வலது காலும்

மார்ச் 2, திங்கள்

காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால், சலவை மெஷின் சமையலறை வாசலில் நிற்கிறது. யாரும் தூக்கி வைக்கவில்லை. அதுவாகவே நடந்து வந்திருக்கிறது. இவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ரெண்டே நிமிஷம், சுத்தி முடிச்சிடும்" என்கிறார்.

போர்வையைத் தனியாகப் போடாதீர்கள், தண்ணீரைக் குடித்து ஒரு பக்கமாகச் சுருண்டுகொள்ளும், வேகமாகச் சுற்றும்போது மெஷினையே இழுத்துக்கொண்டு போகும் என்று எத்தனை தடவைதான் சொல்வது? கட்டிய கணவர் இருபது வருடமாகப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். எடைக்கல், சுருள்வில், சாய்தளம் என்று பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுக்கிற கை. ஊருக்குத்தான் உபதேசம்!

இன்னொரு போர்வை பாக்கி இருக்கிறதாம். தொடவே கூடாது என்று சொல்லிவிட்டேன். நாளைக்கும் எனக்குக் காலை ஷிப்ட்தான்.

மார்ச் 3, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. எழுதினால் வருமோ என்னவோ.

காலையில் நான் குளிக்கப் போன நேரம் பார்த்து இரண்டாவது போர்வையைப் போட்டிருக்கிறார். மெஷின் நடந்து, தண்ணீர்க் குழாய் பிடுங்கிக்கொண்டு, சமையலறை முழுக்க வெள்ளம். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "உங்களையெல்லாம் ஆய்வகத்துல எப்படித்தான் வெச்சிருக்காங்களோ!" அவர் துடைப்பத்தை எடுத்தார். நான் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினேன்.

எட்டு நாற்பதுக்கு மார்க்கெட் நிறுத்தம். எப்போதும் போல பஸ்ஸின் வேகத்தைக் குறைத்து, ப்ரேக்கை அழுத்தினேன். பின்னால் தொம்மென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் இன்ஜின் மூடிக்குப் பக்கத்தில் ஒரு அம்மா விழுந்து கிடக்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். கண்டக்டரும் இரண்டு பயணிகளும்தான் தூக்கினார்கள். வாய் மூடாதவன் என்பதால் டிப்போ முழுக்க அவனுக்கு ரேடியோ என்று பெயர். அவன்கூட இன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

எப்போதும் போலத்தான் அழுத்தினேனா? கோபத்தோடு அழுத்தினேனா? ஞாபகமே இல்லை. பதினோரு வருடமாக ஒரு நாளைக்கு நூறு தடவை அழுத்துகிற கால். ஒவ்வொன்றையும் யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்?

மார்ச் 4, புதன்

அந்த அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயதாம். தையல்காரர். இடுப்பெலும்பில் விரிசல். அறுவை சிகிச்சை வேண்டாம், ஆனால் படுத்தே கிடக்க வேண்டும். நான் பட்டினி கிடந்தால் அவர் எலும்பு சீக்கிரம் கூடிவிடாது என்று இவர் சொன்னார். சாப்பிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

டிப்போவில் கூப்பிட்டார்கள். அந்த அம்மாவின் மருமகன் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார் — "ஓட்டுநர் காரணமில்லாமல் திடீரென்று ப்ரேக் போட்டதால்." பஸ்ஸில் கேமரா இருக்கிறதே என்றேன். இரண்டு மாதமாக அது வேலை செய்யவில்லையாம்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அப்படி வைத்தாலே நல்ல செய்தி இல்லை. "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு பெரியவங்க சும்மா சொல்லலம்மா. உங்க கோபம் ஊருக்கே தெரியும். அன்னைக்கு வரும்போதே கேட்டை எட்டி உதைச்சீங்களாமே?"

உதைத்தது உண்மை. கேட் திறக்கவில்லை, உதைத்தேன். அதற்கும் ப்ரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று வாய் வரை வந்தது. சம்பந்தம் இருக்கிறதோ என்று எனக்கே சந்தேகம் என்பதால் விழுங்கிவிட்டேன்.

விசாரணை முடிகிற வரை பஸ்ஸைத் தொடக்கூடாது. குற்றம் என்று முடிவானால் வேலை போகும்.

மார்ச் 8, ஞாயிறு

நாற்காலியில் உட்கார்ந்து வலது காலால் தரையை அழுத்திப் பார்க்கிறேன். மெதுவாக ஒரு தடவை. கோபமாக ஒரு தடவை. எனக்கே வித்தியாசம் தெரிகிறது. அன்றைக்கு இதில் எது?

வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். ஆனால் வீட்டுச் சண்டையைக் காலில் கட்டிக்கொண்டு போய் ஒரு மனுஷியின் இடுப்பை உடைத்துவிட்டேன் என்றால் — அதை எங்கே போய்க் கழுவறது? சொல்லுடி, எங்கே போய்க் கழுவுவே?

மார்ச் 9, திங்கள்

ரேடியோ ஒரு பை ஆரஞ்சோடு வந்தான். டிப்போ கதை எல்லாம் ஒலிபரப்பினான். யாருக்கு எந்த ரூட், யார் யாரோடு பேசுவதில்லை, கேன்டீன் டீயில் இப்போது டீத்தூளே போடுவதில்லை. நான் காதில் வாங்கவே இல்லை. போகிற போக்கில் சொன்னான்: "அந்தப் பெட்டி வேற இன்னும் நம்ம ஆபீஸ்லதான் கெடக்குக்கா."

"எந்தப் பெட்டி?"

"அந்த அம்மாவோடதுதான். நாலு சக்கரம் வெச்சது. விழுந்த அப்புறமும் அதோட கைப்பிடியை விடலையே அவங்க. ஒவ்வொரு விரலா நான்தான் பிரிச்சேன். என்னா கனம்! உள்ள ஒரு இரும்புக்கடையே இருக்கு போல."

"கம்பியைப் பிடிக்கலையா?"

"ஒரு கையில பெட்டி, ஒரு கையில பை. கம்பியைப் பிடிக்க மூணாவது கை வேணுமே."

"இதை ஏன்டா இத்தனை நாளா சொல்லல?"

"யாரு கேட்டா? மேனேஜர்கூட ப்ரேக்கைப் பத்தித்தான் கேட்டார்."

உலகத்தில் உள்ளதை எல்லாம் பேசுவான், வேண்டியதை மட்டும் பேச மாட்டான். ஒரு ஆரஞ்சை எடுத்து அவன் மேலேயே எறிந்தேன். நல்லவேளை, பிடித்துக்கொண்டான்.

மார்ச் 10, செவ்வாய்

இவரிடம் பெட்டி விஷயத்தைச் சொன்னேன். சாயங்காலம் ஆய்வகத்திலிருந்து சுருள்வில் தராசைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். கூடத்தில் ரப்பர் விரிப்பை விரித்தார். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஆறு, மொத்தம் பன்னிரண்டு கிலோ. முதலில் ஒரு சாக்கில் போட்டுத் தராசின் கொக்கியை மாட்டி, "இழு" என்றார்.

இழுத்தேன். முள் மூன்று, நான்கு, ஐந்து என்று போகிறது, சாக்கு அசைய மாட்டேன் என்கிறது. ஆறு கிலோவில் ஒரு குதி குதித்து நகர்ந்தது. நகர்ந்த பிறகு முள் ஐந்துக்கு இறங்கியது. "அசையுற வரைக்கும்தான் அதோட அடமெல்லாம்" என்றார்.

அடுத்து அதே பாட்டில்களை எங்கள் சக்கரப் பெட்டியில் அடுக்கி இழுக்கச் சொன்னார். முள் அரைக் கிலோவைக்கூடத் தொடவில்லை, பெட்டி நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வந்துவிட்டது.

இவர் தரையில் உட்கார்ந்துகொண்டார். "பஸ் ஓடும்போது பெட்டியும் அதே வேகத்துல ஓடிட்டு இருக்கு. நீ பஸ்ஸை நிறுத்துற. பெட்டியை யார் நிறுத்துறது? தரை பிடிச்சு நிறுத்தணும். சாக்கைத் தரை பிடிச்சுக்கும். சக்கரத்தைப் பிடிக்காது. நீ பூ மாதிரி ப்ரேக் போட்டாக்கூட, இந்தக் கனத்துக்கு ஒண்ணு ஒண்ணரைக் கிலோ அளவுக்கு முன்னாடி தள்ளுற மாதிரி ஆகும். சாக்கு நகராது. பெட்டி பறந்துடும்."

"அப்ப நான் தப்பா போடலையா?"

"அது எனக்குத் தெரியாது. நீ மெதுவா போட்டிருந்தாலும் பெட்டி போயிருக்கும். அது மட்டும்தான் தெரியும்."

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும் இந்த மனுஷனுக்கு! ஆனால் பொய் சொல்லாதவர் சொன்னதால்தான் நெஞ்சில் பாதி பாரம் இறங்கியது. தராசைத் துடைத்து வைத்தபடி, "அன்னைக்குப் போர்வையைப் போட்டது என் தப்புதான்" என்றார். நான் கத்தியதும் தப்புதான் என்றேன். ஒரு வாரத்துக்கு அப்புறம் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மார்ச் 11, புதன்

பெட்டி மேல் பழியைப் போட்டால், படுத்துக் கிடக்கிறவர் மேல் போடுகிற மாதிரி ஆகிவிடாதா? நாளைக்கு நேரில் போய்ப் பார்க்கப் போகிறேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வேன்.

மார்ச் 12, வியாழன்

எலும்பு வார்டு, ஆறு படுக்கை, ஜன்னலோரத்தில் அவர். மருமகன் மருந்து வாங்க வெளியே போயிருந்தார். "நான்தாம்மா அந்த பஸ்ஸை ஓட்டினது" என்றேன்.

மேலும் கீழும் பார்த்தார். "பொம்பளையா? நான் யாரோ ஆம்பளைன்னு நினைச்சேன்."

தயார் செய்து வைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது. மடமடவென்று உள்ளதைக் கொட்டினேன். "அன்னைக்கு வீட்டுல சண்டை போட்டுட்டு வந்தேன்மா. அந்தக் கோபத்துல அழுத்திட்டேனோன்னு ஒன்பது நாளா தூக்கமே இல்ல. என்னை மன்னிச்சிடுங்க."

அவர் சிரித்தார். உடனே இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "சிரிக்க வைக்காதடி, வலிக்குது. கோபத்தோட வேலை பாக்காத பொம்பளை எவ இருக்கா? நான் தெச்ச சட்டையில பாதி கோபத்துல தெச்சதுதான். தையல் என்ன கோணலாவா போச்சு?"

அப்புறம் சிரிப்பு போய்விட்டது. விரலால் போர்வை ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தார். பெட்டிக்குள் இருந்தது தையல் மெஷினின் தலைப்பகுதி. ரிப்பேருக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுபோகிறேன், தொடாதீர்கள் என்று மருமகன் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்.

"எனக்குப் பொறுக்கல. மகளோட பெட்டியில போட்டுக்கிட்டு நானே கிளம்பிட்டேன். நிறுத்தம் வருதேன்னு எழுந்து, பெட்டி மேலேயே சாஞ்சு நின்னேன். கம்பியைப் பிடிச்ச மாதிரி நினைப்பு. அதுக்குச் சக்கரம் இருக்குங்கிறதே மறந்து போச்சு. அது ஓடுச்சு, பின்னாடியே நானும் போனேன்."

"கையை விட்டிருக்கலாமேம்மா."

"முப்பது வருஷ மெஷின். அது உடைஞ்சா நான் என்னடி பண்றது?"

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "மருமகன் வந்து நின்னதும் பயந்து போச்சு. டிரைவர் திடீர்னு ப்ரேக் போட்டுட்டான்னு சொல்லிட்டேன். நீ மெதுவாத்தான் நிறுத்தினே. உன் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டேனே" என்று அழுதார்.

கோபம் வந்திருக்க வேண்டும். மேனேஜரிடம் கேட்டால் எனக்கு மூக்குக்கு மேலே கோபம் என்பார். ஆனால் 'மெதுவாத்தான்' என்ற அந்த ஒரு வார்த்தை வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நானும் அழுதேன். அடுத்த படுக்கைக்காரர் நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார்.

மார்ச் 17, செவ்வாய்

விசாரணை. மருமகன் வந்தார், மாமியார் கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு. என் முகத்தைப் பார்க்கவில்லை. கடிதத்தை மேஜையில் வைத்து, "இப்பத்தான் உண்மையைச் சொல்றாங்க" என்று மட்டும் சொன்னார்.

மேனேஜர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பரிதாபப்பட்டு எழுதிக் கொடுத்திருக்கலாம். பெட்டி போய் ஒரு ஆளை இழுக்குமா?"

சோதனை வையுங்கள் என்றேன். நான் ஓட்ட வேண்டாம், உங்களுக்கு நம்பிக்கையான ஆள் ஓட்டட்டும். தாலாட்டு என்று நாங்கள் பெயர் வைத்த டிரைவரைக் கூப்பிட்டார்கள். டிப்போவிலேயே மெதுவாக ஓட்டுகிற மனிதர். அவர் பஸ் எப்போதும் தாமதம்தான், ஆனால் இருபத்தைந்து வருடத்தில் ஒரு புகார் கிடையாது. அதே பெட்டி, உள்ளே அதே மெஷின். பெட்டியை நான் பிடிக்கிறேன் என்று ரேடியோ முன்னால் வந்தான். "நீ நடிப்பே" என்று அவனைத் தள்ளிவிட்டு மேனேஜரே ஏறினார். கம்பியைத் தொடாமல், அந்த அம்மா சொன்ன மாதிரியே பெட்டி மேல் சாய்ந்து நின்றார். "நான் தொண்ணூறு கிலோ. பாப்போம், இது என்னை என்ன பண்ணுதுன்னு."

பஸ் டிப்போ மைதானத்தை ஒரு சுற்று சுற்றியது. விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் தாலாட்டு நிறுத்தினார். அதைவிட மெதுவாக யாராலும் நிறுத்த முடியாது. பெட்டி நிற்கவில்லை. சாய்ந்திருந்த பிடி நழுவியதும் மேனேஜர் அதன் பின்னாலேயே தடதடவென்று நான்கு எட்டு ஓடி, இன்ஜின் மூடி மேல் போய் உட்கார்ந்தார். கைப்பிடியை விடவே இல்லை!

யாருக்கும் சிரிக்கத் தைரியமில்லை. மருமகன்தான் முதலில் சிரித்தார்.

மேனேஜர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "சரி, எழுதிக்கோங்க. ஓட்டுநர் மேல் தவறில்லை" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "அன்னைக்கு நான் கோபமாத்தான் வந்தேன் சார், அதையும் எழுதிக்கோங்க" என்றேன்.

"ஏம்மா, முடிஞ்ச கதையை ஏன் கிளறுறீங்க?"

"உண்மைதானே சார்."

எழுதவில்லை. திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார். போன உயிர் திரும்பி வந்தது. இவருக்கு போன் பண்ணினேன், அழுகைதான் வந்தது. "புரிஞ்சுது, புரிஞ்சுது, மூக்கைத் துடை" என்றார்.

மார்ச் 18, புதன்

பத்து மணி நேரம் தூங்கினேன்.

மார்ச் 23, திங்கள்

முதல் நடையில் காலை நம்ப முடியவில்லை. மார்க்கெட் நிறுத்தத்துக்கு முந்நூறு அடி முன்னாலேயே மெதுவாக அழுத்த ஆரம்பித்துவிட்டேன். பின்னாலிருந்து ஒருவர், "என்னம்மா, இறங்கித் தள்ளணுமா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும்தான். நான்காவது நடையில் கால் பழைய காலாகிவிட்டது.

மத்தியானம் கடைசி நிறுத்தம். எல்லோரும் இறங்கிய பிறகும் நடு இருக்கையில் ஒருவர் மட்டும் இருந்தார். தலை ஜன்னலில் சாய்ந்திருக்கிறது, மடியில் சாப்பாட்டுப் பை, வாய் திறந்தபடி நல்ல தூக்கம். பன்னிரண்டு நிறுத்தத்திலும் நான் ப்ரேக் போட்டிருக்கிறேன், அவர் எழுந்திருக்கவே இல்லை. ரேடியோ தட்டப் போனான்.

"எழுப்பாதடா. திரும்பக் கிளம்ப இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு" என்றேன்.

இன்ஜினை அணைத்துவிட்டு, அவர் தூங்குவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.