சூரியன் கோட்டை கட்டிய படம்

ஏப்ரல் 9, செவ்வாய்
காலையிலேயே வெயில். இவர் போய் ஆறாம் நாள்.
பேரன் பாலு பி.இ. முதல் வகுப்பு. அவன் தங்கை கல்யாணி கோயம்புத்தூரில் எம்.எஸ்ஸி. பௌதிகம், வகுப்பில் இரண்டாவது. மகள் வயிற்றுப் பேரன் ரவி கணக்கில் நூற்றுக்கு நூறு. துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் இதைத்தான் சொன்னேன். நாக்கு அதுவாகச் சொல்கிறது. இரும்புலியூர் அக்கா, "அழுதுடும்மா" என்றாள். வரவில்லை. காபி கொடுத்தேன்.
பதினாறாம் நாள், 19ஆம் தேதி, மாலை போட இவர் படம் வேண்டும். கல்யாணப் படம் மழைத்தண்ணீரில் ஊறிக் கண்ணாடியோடு ஒட்டிப்போனது. பென்ஷன் புத்தகத்தில் முகத்தின்மேல் முத்திரை. மிச்சம் ஒன்றே ஒன்று. நான் எடுத்தது.

ஏப். 10, புதன்
புழுக்கம். பால் திரிந்தது.
அந்தப் படத்தைப் பார்த்தேன். தை மாதம், காலை ஏழே முக்கால், மொட்டை மாடி. சூரியன் கோட்டை கட்டியிருந்தது. சுற்றி அப்படி வட்டம் வந்தால் காலண்டரில் 'கோ' என்று குறிப்போம். அன்று பதினேழாவது. ஆனால் அன்று வட்டத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குட்டிச் சூரியன், வாலோடு. அதுவரை பார்த்ததே இல்லை.
மேலே ஐஸ் துகள் இருப்பதால் என்று கல்யாணி எழுதியிருந்தாள். "தாம்பரத்துல ஐஸா? ஐஸ்காரனே பன்னெண்டு மணிக்குத்தான் வரான்" என்றார் இவர்.
சூரியனை மறைத்தால்தான் வட்டம் படத்தில் விழும். இவரை நிற்கவைத்துத் தலையால் மறைத்தேன். நான் தரையில், கல்யாணி விட்டுப்போன கேமராவோடு. "கழுத்து சுளுக்கிக்கும்டி, சீக்கிரம் அமுக்கு."
அமுக்கினேன். எல்லாம் விழுந்தது. இவர் முகம் மட்டும் கருப்பு.

ஏப். 11, வியாழன்
நான் வெளியே போகக் கூடாது. மகன் சண்முகம் ஸ்டுடியோக்காரரை வீட்டுக்கே அழைத்து வந்தான்.
"லென்ஸ்ல லைட் அடிச்சு ரிங் விழுந்துடுச்சும்மா. எடுத்துடறேன். ரெண்டு பக்கமும் அழுக்கு, அதையும் எடுத்துடறேன். முகத்தை வரைஞ்சு கோட்டு போட்டுடலாம்."
"கோட்டு போட்டதில்லை."
"எல்லாருக்கும் போடறதுதான். போன வாரம் தயிர்க்காரருக்கே போட்டேன். சாருக்கு மீசை உண்டா?"
சண்முகம் உண்டு என்றான். நான் இல்லை என்றேன். அவன் சின்ன வயதில் பார்த்த முகம் அவனுக்கு.
படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.
"கருப்பு முகத்துக்கா மாலை போடுவோம்? வர்றவங்க என்ன சொல்வாங்க?" என்றான் சண்முகம்.
"காது தெரியுதே" என்றேன். வெளிச்சத்தில் இரண்டு காதும் நன்றாகத் தெரிகிறது.
அவன் சாப்பிடாமல் ஆபீஸ் போனான்.

ஏப். 12, வெள்ளி
மெல்லிய வெள்ளை மேகம். வட்டம் இருந்திருக்கும். மாடிக்குப் போகவில்லை. நல்லெண்ணெய், ஊதுவத்தி வாங்க வேண்டும்.
சண்முகம் கூடத்தில் ஆணி அடித்தான். "இந்த உயரம் போதுமா?" போதும்.
கல்யாணிக்கு எழுத வேண்டியது: பரீட்சைக்காக மூன்றாம் நாளே போனாய், நன்றாக எழுது. நீ அங்கே கழுவக் கொடுத்த மாடிப் படத்தின் நெகடிவ் உன்னிடம் இருக்கிறது. பெரியதாகப் புதுப் படம் ஒன்று போடு. வட்டத்தை எடுக்கட்டுமா என்று கடையில் கேட்பார்கள், வேண்டாம் என்று சொல். முகத்தில் கை வைக்க விடாதே. மடிக்காமல் அட்டை வைத்து, 19க்குள் வந்து சேரும்படி தபாலில் அனுப்பு.