கடைசிக் கம்பி

அன்புத் தங்கைக்கு,

காட்டுத்தீயில் எங்கள் வீடு போனது உனக்குத் தெரியும். நம் ஓஹியோவாக இருந்தால் தெருவே வந்து கட்டிப்பிடித்து அழுதிருக்கும். இந்த ஆஸ்திரேலியாவில், பக்கத்துப் பண்ணை மெர்வ் சாம்பலைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் கணவரிடம் கேட்டார்: “என்னடா, இவ்ளோ பெருசா அடுப்பு மூட்டிருக்க, எங்களக் கூப்பிடவே இல்ல?”

இதிலுமா கேலி என்று எனக்குக் கோபம் வந்தது. இவரோ தீக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தார்.

பின்னாலேயே ஊர் மொத்தமும் லாரிகளில் வந்து இறங்கியது. எரிந்துபோன ஆட்டு வேலிக்குப் பதிலாக அவர்கள் போட்ட புதுக் கம்பிவேலி, பொழுது சாய்வதற்குள் மலையடிவாரத்தைத் தொட்டுவிட்டது. அழுதுகொண்டே நன்றி சொன்னேன். அத்தனை பேரும் தலையைக் குனிந்து அவரவர் பூட்ஸைப் பார்த்தார்கள்.

“அழுது முடிச்சாச்சா, அமெரிக்காக்காரி? கடைசிக் கம்பி பாக்கி இருக்கு, புடி” என்றார் மெர்வ்.

பிடித்தேன். நான் ஓஹியோ திரும்ப நீ எடுத்த விமான டிக்கெட்டை ரத்து செய்துவிடு.

உன் அக்கா